புத்தர் ‘ஆசைப்படாதே’ என்று சொல்லவில்லை

அந்தப் பட்டிமன்றக் காணொளியை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று காலையிலிருந்து ஒன்பது பேர் அனுப்பிவிட்டீர்கள். “யாரும் ஆசைப்படக் கூடாது என்று புத்தர் ஆசைப்பட்டார்” என்கிறார் பேச்சாளர். அரங்கமே கைதட்டுகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புத்தர் ஆசைப்படாதே என்று சொல்லவில்லை. அவர் சொன்ன சொல் ‘தண்ஹா’. பாலி மொழியில் அதன் நேர்ப்பொருள் தாகம். எவ்வளவு குடித்தாலும் அடங்காமல் இன்னும் இன்னும் என்று இழுப்பது. அதற்குத் தமிழில் அருமையான சொல் ஏற்கெனவே இருந்தது: வேட்கை. மணிமேகலை, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளை வரிசையாகச் சொல்லும்போது நுகர்வு, அதை அடுத்து வேட்கை, அதை அடுத்துப் பற்று என்றுதான் சொல்கிறது. நாம் அதை விட்டுவிட்டு ‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடையாக அதைச் சுருக்கிவிட்டோம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்டீர்கள். சரி, சொல்கிறேன். அம்மா இறந்த மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உறவினர் ஒருவர் பக்கத்தில் வந்து, “ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்னு புத்தரே சொல்லியிருக்கார். அம்மா மேல ரொம்ப ஆசை வெச்சுட்டே, அதான் இப்படி அழறே” என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ நான் அம்மாவை நேசித்ததே குற்றம் என்று கேட்டது. ஒரு வருடம் எனக்குப் புத்தர் என்ற பெயரே பிடிக்கவில்லை. அப்புறம்தான், அப்படி என்னதான் சொல்லிவிட்டார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சித்தார்த்தர் ஆறு வருடம் உடலை வருத்திப் பார்த்தவர். எலும்பும் தோலுமாகி, இது வழியல்ல என்று தெரிந்து உணவு எடுத்துக்கொண்டவர். அதற்காகவே கூட இருந்த ஐந்து பேரும் அவரை விட்டுப் போனார்கள். கயையில் ஞானம் பெற்ற பிறகு அவர் தேடிப் போனதும் அதே ஐந்து பேரைத்தான். வாரணாசிக்குப் பக்கத்தில், இன்று சாரநாத் என்கிறோமே, அந்த மான் வனத்தில் நடந்த முதல் உரையின் தொடக்கமே இதுதான்: இன்பத்தில் மூழ்குவதும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம், நடுவழி போதும். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குவது உண்டு, நீங்கும் வழி உண்டு என்று அதற்குப் பிறகுதான் வருகிறார். வைத்தியர் நோயைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, மருந்தையும் சொல்வது மாதிரி. நாம் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

“தண்ஹாவோ ஆசையோ, எல்லாம் வார்த்தை விளையாட்டு” என்பார்கள். இல்லை. துன்பம் நீங்க அவர் காட்டிய எட்டு அங்கமுள்ள வழியில், அதாவது எண்வழியில், நன்முயற்சி என்று ஒன்று இருக்கிறது. தீயதை விடவும் நல்லதை வளர்க்கவும் மனதில் விருப்பத்தை எழுப்பு என்றே அங்கே சொல்கிறார். அந்த விருப்பத்துக்குப் பாலியில் வேறு சொல், ‘சந்த’. பேச்சாளரின் கிண்டலுக்குள் இருக்கும் கேள்வியும் புதிதல்ல. கோசாம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர், புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம் கேட்டதுதான்: விருப்பத்தை விருப்பத்தால் விடுவது எப்படி, அதற்கு முடிவே இருக்காதே? ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா? வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதா? அவ்வளவுதான் பதில். கைதட்டியவர்களில் ஒருவராவது இதைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானோர் எதற்கும் ஆசைப்படாதவர்களா? மனிதர்களாக நடத்தப்பட வேண்டும் என்ற பெரிய ஆசையோடு வந்தவர்கள். இல்லாதவனிடம் போய் ‘ஆசைப்படாதே’ என்பது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

“இலங்கையில் பிக்குகள் நின்ற பக்கத்தைப் பார்த்த பிறகுமா புத்தருக்கு வக்காலத்து?” என்று கேட்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். அந்தக் கோபம் நியாயமானது.

“மனைவியையும் பிள்ளையையும் விட்டுப் போனவர்தானே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மகன் ராகுலனைப் பிக்குகளின் சங்கத்தில் சேர்த்தபோது தாத்தா சுத்தோதனர் வந்து, பிள்ளைப் பாசம் தோலை அறுத்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகிறது என்று முறையிட்டார். ஆசைப்பட்டாய், அனுபவி என்று புத்தர் சொல்லவில்லை. இனிப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்தார்.

திண்ணையில் அன்று யாராவது எனக்குப் புத்தர் மறைந்த குசிநாராவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சால மரங்களுக்கு இடையில் புத்தர் கடைசியாகப் படுத்திருக்கிறார். ஆனந்தரைக் காணவில்லை. விகாரத்துக்குள் போய்க் கதவோரம் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறார் என்கிறார்கள். அழைத்து வரச் சொல்கிறார். போதும் ஆனந்தா, பிரியமானவை எல்லாம் ஒருநாள் பிரியும் என்று சொல்லியிருந்தேனே என்கிறார். அத்தோடு விடவில்லை. இத்தனை வருடமும் நீ செயலாலும் சொல்லாலும் மனத்தாலும் என்னிடம் அன்பாக இருந்தாய் என்று சொல்லிவிட்டு, சுற்றி இருந்த பிக்குகளிடமும் ஆனந்தரைப் புகழ்ந்து பேசினார்.