இலைச் சருகு வெறும் சாக்கு இல்லை
'தண்டவாளத்தில் இலை கிடப்பதால் தாமதம்' என்று பிரிட்டன் ரயில்காரர்கள் அறிவிப்பது வெறும் சாக்கு என்று, ரயில் தாமதம் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். கேட்டால் சிரிப்பு வரும்தான், ஆனால் விஷயம் உண்மை. ஈரச் சருகு சக்கரத்துக்கு அடியில் நசுங்கி நசுங்கி, கறுப்பாக வழவழவென்று தண்டவாளத்தில் அப்பிக்கொள்ளும். பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கும் என்பதால் ஸ்டேஷனுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தப் படலம் தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே பாயும் மின்சாரத்தையும் தடுக்கும். அந்த மின்சாரத்தை வைத்துத்தான் சிக்னல் ரயிலைக் கண்டுகொள்ளும் என்பதால், அங்கே ஒரு ரயில் நிற்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். இதற்காகவே இலையுதிர் காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தண்டவாளம் கழுவத் தனி ரயில்கள் ஓடுகின்றன. 1991 பிப்ரவரியில் ரயில்காரர்கள் பனியைக் காரணம் சொன்னபோது 'தப்பான ரகப் பனி' என்று பத்திரிகைகள் கிண்டலடித்த கதையும் இதேதான்: மாவு போன்ற பொடிப்பனி ரயிலின் மோட்டாருக்குள் புகுந்து பழுதாக்கியது. தண்டவாள ஓரத்து மரங்களை வெட்டினால் என்ன என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நீராவி எஞ்சின் காலத்தில், பொறி பறந்து தீப்பிடிக்குமே என்று அப்படித்தான் ஓரங்களை மொட்டையாக வைத்திருந்தார்கள். இப்போது வெட்டப் போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பல ரயில் கம்பெனிகளில் 15 நிமிடத் தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் கால்பங்கு, அரை மணிக்குப் பாதி திரும்பக் கிடைக்கும். ஆனால் நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். நான் விண்ணப்பித்தபோது டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதை ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் போட்டால் திறக்கும் கதவு ஏற்கெனவே விழுங்கியிருந்தது!