அரை பைண்ட்காரருக்கும் ஒரு நாற்காலி

போன சனிக்கிழமை தென் லண்டனில் ஒரு காஸ்ட்ரோபப்பில், அதாவது நல்ல சாப்பாடும் தருகிற பப் என்ற மதுக்கூடத்தில், பார்த்த காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கடையின் பெயர் வேண்டாம். எழுபது வயதிருக்கும் ஒருவர் அரை பைண்ட் பியர் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓர மேசையில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மிடறு குடித்திருப்பார். பணியாள் வந்து, "சாப்பிடுறீங்களா? இல்லைன்னா இந்த மேசை ஆறரைக்கு புக் ஆகியிருக்கு" என்றார். அப்போது மணி ஐந்தேகால். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய், நடைபாதையில் நின்றபடியே குடித்து முடித்தார். என் தட்டில் வாத்து இருந்தது. நல்ல சமையல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் இறங்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், என்னை பப்புக்குள் கூட்டிவந்ததே இந்தக் காஸ்ட்ரோபப்தான்.

திருச்சியில் வளர்ந்தவள் நான். மதுக்கடை என்றால் இரும்புக் கிராதி, அதற்குள்ளிருந்து நீளும் பாட்டில், எதிரே கூட்டம். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடந்துபோக வேண்டிய இடம். லண்டனுக்கு வந்து முதல் ஒரு வருடம் எந்த பப்புக்குள்ளும் நான் கால் வைக்கவில்லை. கூட வேலை பார்த்த ஒரு தோழிதான் ஒரு மழை நாளில் ஃபாரிங்டன் ரோட்டில் இருக்கும் 'ஈகிள்' பப்புக்கு இழுத்துப்போனாள். "குடிக்க வேண்டாம், சாப்பிடத்தானே போறோம்" என்றாள்.

அந்த ஈகிளில்தான் காஸ்ட்ரோபப் என்ற வழக்கமே தொடங்கியது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை இங்கிலாந்தின் பப்களில் மிகப் பெரும் பங்கு பியர் ஆலைகளின் கையில் இருந்தது. எந்த ஆலையின் பப்போ அந்த ஆலையின் பியரைத்தான் விற்க வேண்டும். 1989-இல் அரசு ஓர் ஆணை போட்டு, 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்தியது. ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறின. பெரிய முதல் இல்லாதவர்களும் ஒரு பப்பை எடுத்து நடத்த முடிந்தது. அப்படித்தான் 1991-இல் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் ஈகிளைத் தொடங்கினார்கள். பார் மேடையை ஒட்டியே குட்டியாக ஓர் அடுப்படி. மெனு கரும்பலகையில். ஒன்றுக்கொன்று பொருந்தாத பழைய நாற்காலிகள், தட்டுகள். மேசை விரிப்பு கிடையாது. ஆர்டரை பாரில் போய் நாமேதான் சொல்ல வேண்டும்.

அங்கே ஆரம்ப நாளிலிருந்து இருக்கும் பண்டம் 'பீஃபே ஆனா' என்ற போர்ச்சுகீசிய பாணி சாண்ட்விச். மாட்டிறைச்சியை வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், பிரிஞ்சி இலை, கொஞ்சம் சிவப்பு ஒயின் எல்லாம் போட்டு ஊறவைத்து, சுட்டு, மொறுமொறுப்பான ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். இறைச்சியின் சாறு ரொட்டியில் இறங்கியிருக்கும். இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். அந்தப் பூண்டு மிளகாய் வாசனையில் என் பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி, பக்கத்து மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் போனது. அவளை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நிம்மதி இந்த ஊரிலும் தானாக வந்ததில்லை. ஈகிளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஃப்ளீட் தெருவில் 'எல் வினோ' என்ற ஒயின் பார். ஒரு காலத்தில் பத்திரிகைக்காரர்களும் வழக்கறிஞர்களும் கூடிய இடம். அப்போதெல்லாம் அங்கே பெண்கள் பார் மேடையில் நின்று மது வாங்க முடியாது, பின்னறைக்குப் போய் உட்கார வேண்டும். ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் வழக்குப் போட்டு, 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்த பிறகுதான் அந்த விதி ஒழிந்தது. 1982! நான் பிறப்பதற்குக் கொஞ்ச வருடம் முன்பு வரை, லண்டனின் நடுவிலேயே இந்த நிலைமை. அதனால்தான் பப்பில் யார் உட்காரலாம், யார் எழுந்திருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இங்கே புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் பப்புக்குப் போகத் தயங்குவதைப் பார்க்கிறேன். குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. லைம் அண்ட் சோடா என்று கேளுங்கள், கேட்டவுடன் தருவார்கள். பியர் பழக விரும்பினால் கைப்பம்பில் இறைக்கிற காஸ்க் ஏலை, அரை பைண்ட், அதாவது 284 மில்லி, வாங்கிப் பாருங்கள். பீப்பாய்க்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்கிற பியர் அது. நிலவறைக் குளிர்ச்சியில், 12 டிகிரி வாக்கில் வரும். ஐஸ் மாதிரி இல்லையே என்று ஏமாற வேண்டாம், அந்தக் குளிர்ச்சியில்தான் அதன் கசப்பும் தானிய வாசனையும் தெரியும். ஒயின் கேட்டால் "175-ஆ, 250-ஆ?" என்பார்கள். 125 மில்லியும் தர வேண்டும் என்பது சட்டம், தயங்காமல் கேளுங்கள்.

ஞாயிறு மதியம் பப்களில் கிடைக்கும் ரோஸ்ட், அதாவது சுட்ட இறைச்சிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போன கோடையில் அம்மா வந்திருந்தபோது எங்கள் தெருமுனை காஸ்ட்ரோபப்புக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார். "சாராயக்கடைக்குள்ள நான் எதுக்குடி?" என்றார். உள்ளே தொட்டில் வண்டியில் ஒரு குழந்தை தூங்குவதைக் காட்டிய பிறகுதான் வந்தார். கோழி ரோஸ்ட், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுமாக உருளைக்கிழங்கு, மாவில் சுட்ட கிண்ணம் மாதிரி கிரேவியை ஏந்திக்கொள்ளும் யார்க்‌ஷயர் புட்டிங். பக்கத்தில் இருந்த, ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரில் செய்த சாஸைத் தொட்டு வாயில் வைத்ததும், "முருங்கை வேர் மாதிரி காரமா இருக்கே" என்றார். நான் அசந்துபோனேன். வெள்ளைக்காரர்கள் நம் முருங்கைக்கு ஹார்ஸ்ராடிஷ் மரம் என்று பெயர் வைத்ததே வேரின் அந்தக் காரத்தை வைத்துத்தான். அம்மா மது இல்லாத இஞ்சி பியரைக் குடித்துக்கொண்டே மூலையில் ஒரு கிளாஸோடு உட்கார்ந்திருந்த முதியவரையே வெகுநேரம் பார்த்தார். "அவர் வந்து ஒரு மணி நேரம் இருக்கும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்களா?" "மாட்டாங்கம்மா" என்றேன்.

சரி, கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாடகை, வரி, மின்கட்டணம் எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது அரை பைண்டை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. சாப்பாடுதான் பல பப்களை மூடாமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எல்லா மேசையும் புக்கிங், எல்லா பில்லிலும் பன்னிரண்டரை சதவீத சர்வீஸ் கட்டணம் என்று ஆன பிறகு அது உணவகம். உணவகம் என்றே போர்டு வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. உணவகங்களை மதிப்பிடும் 'குட் ஃபுட் கைடு' என்ற கையேடு 2011-லேயே காஸ்ட்ரோபப் என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது. பெயரில் பப் இருக்கும் வரை குடிக்க மட்டும் வருகிறவருக்கும் இடம் இருக்க வேண்டும். பார் பக்கத்து மேசைகளைப் புக்கிங்குக்குத் தராமல் விட்டுவைக்கும் பப்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் தெருமுனைக் கடையே அப்படித்தான், அங்கே அடுப்பும் அணையவில்லை.

அந்தத் தென் லண்டன் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், ஜன்னல் ஓரத்து நான்கு மேசைகளையாவது புக்கிங்கிலிருந்து விடுங்கள் என்று. இதுவரை பதில் இல்லை. வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு அங்கே போய் அரை பைண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு அதே மேசையில் உட்காரப்போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.