வாடகையும் வாங்கி வதையும் தரும் பெட்டி

மாதம் தவறாமல் 15 டாலர் வாடகை வாங்கிக்கொண்டு, நாள் தவறாமல் இணைப்பை அறுத்துவிடும் ஒரு பெட்டியை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துக்கு இணையம் தருவது ஒரே ஒரு கேபிள் நிறுவனம்தான். அதை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மோடத்தையும் ரவுட்டரையும் ஒன்றாக அடைத்த ஒரு வெள்ளைத் தூணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உலகமே இனி உங்கள் கைக்குள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அதன் உச்சியில் இருக்கும் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டத் தொடங்கும். இரவில் மதுரையில் இருக்கும் அம்மாவோடு பேசினால், அவர் பாதிச் சொல்லில் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகிப் பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பார்த்தேன் என்றால், இன்னொரு முறை பாருங்கள் என்பது இரண்டாவது கேள்வி. எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை! வைஃபை எட்டாத மூலையில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, உங்கள் மடிக்கணினி பழையதோ, வீட்டில் மைக்ரோவேவ் ஓடுகிறதோ என்று வரிசையாகக் கேட்பார்களே தவிர, ரவுட்டரின் முதுகில் கம்பியைச் செருகி நேராக இணைத்தாலும் இணைப்பு அறுகிறது என்று நான் சொல்வதை ஒரு முறைகூடக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அதன் வாயாலேயே கேட்கலாம் என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. 192.168.100.1 என்பது அநேகமாக எல்லாக் கேபிள் மோடம்களுக்கும் பொதுவான முகவரி. உலாவியில் தட்டினால் சிக்னல் அளவுகளும் நிகழ்வுப் பதிவேடும் வந்து நிற்கும். எங்கள் பெட்டியின் பதிவேட்டில் பக்கம் பக்கமாக ‘டி3 டைம்அவுட்’ என்றே இருந்தது. மோடம் நிறுவனத்தை நோக்கி ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது, அதற்கான பதில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். தொடர்ந்து 16 முறை இப்படிப் பதில் வராவிட்டால் மோடம் நம்பிக்கை இழந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். அப்போது எழுதப்படும் வரிகளுக்கெல்லாம் தேதி 1970 ஜனவரி 1 என்று இருக்கும். நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு நேரத்தைக் கேட்டு வாங்கும் வரை இன்று என்ன தேதி என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எங்கள் பதிவேட்டில் வாரத்துக்குப் பல முறை 1970 பிறந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒரு டெக்னீஷியன் வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சுவரிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளில் தன் அளவுமானியைப் பொருத்திப் பார்த்தார். வழியில் கேபிளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த ஸ்பிளிட்டர் ஒன்று, தேவையே இல்லாமல் மூன்றரை டெசிபெல் சிக்னலை விழுங்குகிறது என்று கழற்றிப் போட்டார். முனையைப் புதிதாக முறுக்கினார். வீட்டுக்குள் வரும் இறங்குசிக்னலின் பலம், அதை அளக்கும் டிபிஎம்வி என்ற அலகில் கழித்தல் 7 முதல் கூட்டல் 7க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது பூச்சியத்தை ஒட்டி நின்றது. இரைச்சலும் இல்லை. லைனில் ஒரு குறையும் இல்லை, பெட்டிதான் சரியில்லை என்று அவரே சொன்னார். அன்று இரவே மறுபடியும் இணைப்பு அறுந்தது.

பெட்டியை மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு ‘புதியது’ ஒன்று தபாலில் வந்தது. அதன் அடிப்பக்கத்தில் யாரோ ஒட்டிய வைஃபை கடவுச்சொல் சீட்டைச் சுரண்டிய பசை இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. காற்றுத் துளைகளில் எவர் வீட்டுப் பூனையின் முடியோ சிக்கியிருந்தது. இன்னொரு வாடிக்கையாளர் வதை தாங்காமல் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாடகையில் மட்டும் தள்ளுபடி எதுவும் இல்லை, அது புதுப் பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் ஒன்றுதான். அந்தப் பெட்டியும் முன்னதைப் போலவே ‘டி3 டைம்அவுட்’ பாட்டைப் பாடியது.

சொந்த மோடம் வாங்குவது இந்த நாட்டில் ஏதோ சலுகையாகக் கெஞ்சிப் பெற வேண்டிய காரியம் அன்று. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசி அளித்த தீர்ப்போடு, தொலைபேசி நிறுவனம் தருவதைத் தவிர வேறெதையும் லைனில் மாட்டக்கூடாது என்ற ஆட்டம் முடிந்துபோனது. கேபிள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத உற்பத்தியாளர்களின் கருவிகளும் கடையில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. வாடிக்கையாளர் தம் சொந்தக் கருவியைப் பயன்படுத்தும்போது அதற்கு வாடகை பிடுங்கக் கூடாது என்று 2019இல் இன்னொரு சட்டம் இயற்றி, 2020 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். தரப்படாத பெட்டிக்கு வாடகை வாங்காதே என்று நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு இவர்கள் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல் கேபிள் வாடிக்கையாளர்களும் தாம் விரும்பிய மோடத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

சட்டம் தரும் உரிமையை நேரடியாக மறுக்க முடியாதவர்கள் நடைமுறையால் கழுத்தை அறுக்கிறார்கள். சொந்த மோடம் வாங்கப் போகிறேன் என்றதும், அதுவரை என் குரலையே கேட்காத நிறுவனத்துக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பாதுகாப்பு வசதி போய்விடும், வேகம் குறைந்துவிடும், பழுதானால் நாங்கள் பொறுப்பல்ல என்று அடுக்கினார்கள். பழுதான பெட்டிக்கு இதுவரை யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் காத்திருங்கள் என்று இசையைப் போட்டுவிட்டார்கள்.

கடையில் போய் வாங்குவதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையல்ல. இன்டெலின் பூமா 6 சில்லு பொருத்திய மோடம்களில் தாமதம் திடீர் திடீரென்று எகிறுவதை 2016 இறுதியில் பயனர்கள் கண்டுபிடித்து, அது நீதிமன்ற வழக்குகள் வரை போனது. ஆகவே உள்ளே என்ன சில்லு இருக்கிறது என்று பார்த்து, கேபிள் மோடம்களுக்கான பொதுத் தரமான டாக்சிஸின் 3.1 பதிப்பில், நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்கும் ஒரு மோடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ரவுட்டரைத் தனியாக வாங்கினேன். மோடத்தின் விலை ஏறத்தாழ ஓர் ஆண்டு வாடகை. அதாவது அடுத்த ஆண்டிலிருந்து 180 டாலர் எனக்கு மிச்சம்.

புது மோடத்தை இயக்கிவைக்க நிறுவனத்தின் கைபேசிச் செயலி மறுத்துவிட்டதால், தொலைபேசியில் அந்த மோடத்துக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. எண்களும் எழுத்துகளுமாகப் பன்னிரண்டு குறிகள். நான் பி என்றால் அந்தப் பக்கம் டி என்று எழுதிக்கொள்கிறார், டி என்றால் இ என்று எழுதிக்கொள்கிறார். பிறகு, இந்த மோடம் எங்கள் கணினியில் இல்லை என்கிறார். அவர்களுடைய இணையதளத்திலேயே அதே மாடல் அங்கீகாரம் பெற்றதாகப் போட்டிருக்கிறது என்று சொன்னதும் இன்னொரு துறைக்கு மாற்றினார். அந்தத் துறையில் இருந்தவர் முகவரியை மீண்டும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். ஒருவழியாக விளக்கு நிலையாக எரியத் தொடங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

அதே சுவர், அதே கேபிள், அதே சிக்னல்தான். மாறியது பெட்டி மட்டுமே. பதிவேட்டில் டி3 என்ற சொல்லே காணாமல் போயிற்று, அம்மாவும் இப்போது முழு வாக்கியம் பேசுகிறார். என் காசில் வாங்கிய மோடமாக இருந்தாலும் அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றும் அதிகாரம் டாக்சிஸ் விதிகளின்படி கேபிள் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்பது நெஞ்சில் இன்னும் முள்ளாகக் குத்துகிறது, ஆனால் அது வேறு கதை.

பழைய பெட்டியைக் கம்பியும் அடாப்டருமாக அவர்களுடைய கடையிலேயே ஒப்படைத்து, வரிசை எண் அச்சிட்ட ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இல்லாவிட்டால் பெட்டி வந்து சேரவே இல்லை என்று சொல்லி அதன் முழு விலையையும் நம் தலையில் கட்டுவார்கள் என்பதைப் பலரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன். அப்படியும் இந்த மாதப் பில்லில் ‘கருவி வாடகை 15 டாலர்’ என்ற வரி கூச்சநாச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், கணினி புதுப்பிக்கப்பட ஒன்றிரண்டு பில் சுற்று ஆகுமாம். வாடகையைச் சேர்ப்பதற்கு மட்டும் அந்தக் கணினிக்கு ஒரு நாள்கூடத் தேவைப்பட்டதில்லை. ரசீதின் நகலோடு எஃப்சிசியில் புகார் பதிவு செய்துவிட்டேன். புகார் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் கேபிள் நிறுவனம் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும்; அதுவரை அந்த 15 டாலரைக் கழித்துக்கொண்டுதான் பில்லைக் கட்டப் போகிறேன்.