கோபத்தில் ஓட்டினால் கவனம் கூடுமா?

"கோபம் வந்தால் சாரதிக்குக் கவனம் கூடும், கை பழகியவருக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு குரல்பதிவு கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

கோபத்தில் உடல் விழித்துக்கொள்வது மெய்தான். ஆனால் பார்வை கோபப்படுத்திய வாகனத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கொழும்பின் காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தையடியில், தன்னை முந்திப்போன பஸ்ஸை விரட்டும் ஆட்டோக்காரரைப் பாருங்கள்: கை ஹோர்னில், கண் பஸ்ஸின் பின்புறத்தில். பாதசாரிக் கடவையில் மரக்கறிப் பையுடன் இறங்கிய அம்மா அவர் கண்ணில் படுவது கடைசியில்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடி பிந்தினால், வாகனம் ஏறத்தாழ 14 மீற்றர் போய்விடும்.

அமெரிக்காவில் 3,500க்கு மேற்பட்ட சாரதிகளின் வாகனங்களில் கமரா பொருத்திச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. வெளிப்படையான கோபம், கவலை, அழுகை, படபடப்போடு ஓட்டியபோது விபத்து ஆபத்து ஏறக்குறைய 10 மடங்காக இருந்தது. கவலையும் இதில் அடக்கம். செத்தவீட்டுச் செய்தி கேட்டவுடன் சாவியைத் தூக்குபவரை நம் வீடுகளில் யாரும் மறிப்பதில்லை, மறிக்க வேண்டும்.

கைப்பழக்கம் ஆபத்தைக் கண்ட பிறகுதான் உதவும். அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.