சிறிய இசை அரங்கு தேடுபவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும்

நூற்றைம்பது பேர் கூடி நேரடி இசை கேட்கக்கூடிய ஓர் அரங்கைத் தொடங்கும் ஆசையில், நண்பர்கள் சிலரோடு ஓராண்டுக்கும் மேலாக இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் மேடைக்கு எத்தனை அடி கிடைக்கும், எத்தனை நாற்காலி போடலாம், வண்டி நிறுத்த வசதி உண்டா என்றுதான் குறித்துக்கொண்டு வந்தோம். அவையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளக்கூடியவை என்பதும், சுவரும் குத்தகைப் பத்திரமும்தான் ஓர் அரங்கின் ஆயுளை முடிவு செய்கின்றன என்பதும் மெல்ல மெல்லத்தான் விளங்கின.

எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன பழைய கிடங்கு ஒன்று இருந்தது. உயரமான கூரை, தூண்கள் மறைக்காத நடுப்பகுதி, கட்டுப்படியாகும் வாடகை. முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய இரவு, பாஸ் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுபோய் நண்பர் ஒருவர் உள்ளே வாசிக்க, நான் அனுமதி கேட்டுப் பக்கத்து வீட்டு மாடியறையில் போய் நின்றேன். மெட்டு எதுவும் காதில் விழவில்லை. சுவரில் வைத்த உள்ளங்கையில் துடிப்பு மட்டும் தெரிந்தது. அந்த அறையில் ஒரு தொட்டில் இருந்தது. கிடங்கை அன்றே கைவிட்டோம்.

பாடகரின் குரலையும் வயலினையும் ஓரளவு கனமான சுவரே தடுத்துவிடும். பாஸ் கிட்டாரும், டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் கிக்கும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வுகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். சுவரில் ஒட்டப்படும் நுரைப் பலகைகள் உள்ளே எதிரொலியைக் குறைக்குமே தவிர, இந்த ஒலி வெளியே போவதைத் தடுக்காது. இதை அறியாமல் பணத்தை நுரையில் கொட்டியவர்களை நான் அறிவேன். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலும், கணக்கின்படி சுமார் 6 டெசிபல்தான் கூடுதல் தடுப்பு கிடைக்கும். எனவே இடைவெளி விட்டு இன்னொரு சுவர், கட்டடத்தின் தரையைத் தொடாமல் ரப்பரின் மேல் நிற்கும் மேடை, இரட்டைக் கதவு என்று செலவு நீள்கிறது. வாடகைக் கட்டடத்தில் இத்தனையும் செய்பவர், குத்தகை முடிந்ததும் அவ்வளவையும் உரிமையாளரிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேற வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்து பல ஆண்டுகள் நடத்திய அரங்குக்குப் பக்கத்தில் புதிய அடுக்குமாடி எழுந்து, குடிவந்தவர்கள் புகார் கொடுத்தால் யார் பொறுப்பு? மாற்றத்தைக் கொண்டுவருபவரே, இங்கே அடுக்குமாடி கட்டுபவரே, ஒலித்தடுப்புக்கும் பொறுப்பு என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும், இங்கிலாந்து தன் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018இலும் ஏற்றன. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் இதைவிட நியாயமான விதி இல்லை. ஆனால் இது கட்டட அனுமதியின்போது பார்க்கப்படுவது. குடிவந்தபின் ஒருவர் தரும் இரைச்சல் புகாரை அது தானாகவே செல்லாததாக்கிவிடாது.

குத்தகை இதைவிடக் கொடியது. பீட்டில்ஸ் குழுவினர் 1961 முதல் 1963 வரை நூற்றுக்கணக்கான முறை வாசித்த லிவர்பூலின் கேவர்ன் அரங்கு, 1973இல் நிலத்தடி ரயில் பணிக்காக மூடப்பட்டது. ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் போன்ற குழுக்கள் தொடக்க காலத்தில் வாசித்த நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கு, வாடகைத் தகராற்றுக்குப் பின் 2006இல் மூடப்பட்டது. இத்தனை புகழும் காப்பாற்றாதபோது, பெயர் தெரியாத அரங்குகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சிறிய அரங்குகள் நேரடி இசையை நிறுத்தியதாக மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கணக்கிட்டது. அதே அமைப்பு, சாதாரண மக்களிடம் சிறுசிறு பங்குகளாகப் பணம் திரட்டிக் கட்டடங்களையே வாங்கும் முயற்சியைத் தொடங்கியது. ஆதர்ட்டன் என்ற ஊரின் ஸ்னக் அரங்கு அப்படி முதலில் வாங்கப்பட்டது. நிலம் கைக்கு வராமல் நிலைப்பு வராது என்று நான் நம்புவதற்கு இந்த முயற்சி ஒரு முக்கியக் காரணம்.

நடத்தும்போது வரும் சிக்கல் எளிய கணக்குதான். முப்பது பேர் வந்தாலும் நூற்றைம்பது பேர் வந்தாலும் ஒலிப் பொறியாளரின் சம்பளம், மின்கட்டணம், காப்பீடு, காவலாளி ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் ஒன்றே; அரங்கு நிறைந்த நாளிலும் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த இடைவெளியை நிரப்ப, மேடை ஏறும் இளம் குழுக்களிடமே முன்கூட்டிப் பணம் வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. யாரும் அறியாத ஒரு பாடகி முதன்முதலாக அந்நியர்கள் முன் பாடிப் பழகும் இடத்தில், பாடுவதற்கு அவரிடமே கட்டணம் கேட்டால், வசதியுள்ளவர்களின் குரல் மட்டுமே மேலே வரும்.

பணம் வேறு திசையிலிருந்து வர வேண்டும். பிரான்சில் இசை நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு வருவாயில் 3.5 விழுக்காடு வரியாக வாங்கப்பட்டு, தேசிய இசை மையத்தின் வழியே இசைத்துறைக்கே திரும்புகிறது. பெரிய மைதானங்களை நிரப்புகிறவர்களில் பலர் ஒருகாலத்தில் ஐம்பது பேருக்கு முன் தடுமாறியவர்கள்தான். அவர்களுடைய நுழைவுச்சீட்டின் ஒரு சிறு பகுதி அந்த ஐம்பது பேர் அரங்குக்குத் திரும்புவதை நான் சலுகையாகக் கருதவில்லை, கடன் அடைப்பதாகவே கருதுகிறேன்.

இப்போது ஒரு பழைய அச்சகக் கட்டடத்தைப் பார்த்துவைத்திருக்கிறோம். சுவர்கள் கனமானவை, இரண்டு பக்கமும் காலி நிலம். அந்தக் காலி நிலம்தான் எனக்குக் கவலை. பத்தாண்டுக் குத்தகை கேட்டிருக்கிறோம். உரிமையாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் வாரம் ஓர் இரவு, பாஸ் கிட்டாரோடு மறுபடியும் போகிறோம்.