கெட்ட வார்த்தைப் பாட்டு மேலே வந்த கதை

அமெரிக்க ஆட்சியின்கீழ் இருக்கும் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னியைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா, முழுக்க ஆபாசம்" என்கிறது ஒரு கட்சி. "அவர் புவேர்ட்டோ ரிக்கோவின் மனசாட்சி, அரசியல் கலைஞர்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சிக்காரர்களில் பலர் அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகளைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. கேட்டிருந்தால் பாதிப் பேர் முதல் கட்சிக்குத் தாவியிருப்பார்கள்.

எனக்கு இரண்டிலும் இடமில்லை. லத்தீன் டிராப் என்று உலகம் அழைக்கிற, அவர் பாடி மேலே வந்த அந்த ஸ்பானிய மொழி ஹிப் ஹாப் கிளை ஆபாசமானதுதான். போதை மாத்திரை, துப்பாக்கி, கட்டில், கார், பணம், மறுபடியும் கட்டில். இதை மூடி மறைத்து அதற்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதன்மேல் பாய்ந்தவர்கள் எல்லாரும் ஆபாசத்தைக் கண்டுதான் பாய்ந்தார்களா என்று கேட்டால், இல்லை என்பேன். அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1993இல் பேத்ரோ ரோசெயோ என்பவர் புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநர் ஆனார். குற்றங்களை ஒடுக்க இரும்புக்கரம் என்று அறிவித்து, ஏழைகள் வாழும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் தேசியக் காவல் படையை இறக்கினார். காசெரீயோ என்று அங்கே சொல்லப்படும் அந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகள்தான் அப்போது ஜமைக்காவின் தாளத்தையும் நியூயார்க்கின் ராப்பையும் கலந்து கேசட்டுகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். டிஜே பிளாயெரோ போன்றவர்கள் தொகுத்த கேசட்டுகள் கைக்குக் கை மாறின. வானொலியில் அவற்றுக்கு இடமில்லை. 1995இல் போலீசார் தலைநகர் சான் ஹுவான் பகுதி இசைக் கடைகளில் புகுந்து, ஆபாசத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கணக்கான கேசட்டுகளையும் சிடிக்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். விளைவு என்ன என்று சொல்ல வேண்டுமா? அதுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாத நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளும் கேசட்டைத் தேட ஆரம்பித்தார்கள். இலவச விளம்பரம், அதுவும் அரசாங்கச் செலவில்.

அந்த இசைதான் பின்னால் ரெகேட்டோன் ஆயிற்று. 2002இல் ஒரு செனட்டர் அதன் நடனமான பெர்ரேயோவையும் காணொளிகளையும் எதிர்த்து விசாரணைக் கூட்டம் நடத்தினார். இரண்டே வருடத்தில், 2004இல், டாடி யாங்கீயின் 'கசோலினா' உலகம் முழுக்க ஒலித்தது. சுற்றுலாத் துறைக்கு அதே இசை பெருமைச் சின்னம் ஆனது. முதலில் பறிமுதல், பிறகு விசாரணை, கடைசியில் சிவப்புக் கம்பளம்.

சிவப்புக் கம்பளத்துக்கு ஒரு விலை உண்டு. 2010களில் ரெகேட்டோனின் மையம் மெல்ல கொலம்பியாவின் மெதெயினுக்கு நகர்ந்தது. குரல்கள் மென்மையாயின, காதல் கூடியது, கரடுமுரடு குறைந்தது. வானொலிக்கு ஏற்ற மூன்றரை நிமிடப் பாட்டு. நல்ல பாட்டுகள் பல வந்தன, மறுக்கவில்லை. ஆனால் வேலை இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற இருபது வயதுப் பையனுக்கு அதில் தன் முகம் தெரியவில்லை. அவன் அட்லாண்டாவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

டிராப் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக் கறுப்பின இளைஞர்களின் இசை. போதைப்பொருள் விற்கிற வீட்டின் பெயரையே இசைக்கும் வைத்துக்கொண்டார்கள். அதன் எலும்புக்கூடு எளிமையானது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 808 என்கிற தாள இயந்திரத்தின் ஆழமான, நீண்டு அதிர்கிற பேஸ் ஒலி அடியில். மேலே சிறு தாளத்தட்டு ஒலி, சில இடங்களில் சாவகாசமாகவும் சில இடங்களில் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளியும். இரண்டுக்கும் நடுவே நிறைய வெற்றிடம். ரெகேட்டோன் தாளம் உங்களை எழுப்பி ஆடவைக்கும்; டிராப் நாற்காலியில் சரியவைக்கும். ஆட முடியாத மனநிலைக்கு அது வசதி.

2000களின் நடுவிலேயே அர்க்காங்கெல், டே லா கெட்டோ போன்றவர்கள் ஸ்பானிய மொழியில் இதை முயன்று பார்த்தார்கள். காலம் கனியவில்லை. 2016இல் கனிந்தது. அந்த வருடம் டிஜே லூயியன், மாம்போ கிங்ஸ் தயாரிப்பில் வந்த 'லா ஒகாசியோன்' பாட்டில் அதே இருவரோடு ஓசுனாவும் அனுவெலும் சேர்ந்தார்கள். நான்கு பேர், ஆளுக்கொரு பத்தி, முறைவைத்துப் பாடிவிட்டுப் போகிறார்கள். வானொலியில் ஒலிபரப்பவே முடியாத வரிகள். அது யூடியூபில் பரவிய வேகம்தான் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. வானொலி கதவைச் சாத்தியது இந்த இசைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். எப்படியும் ஒலிபரப்பமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. மூன்றரை நிமிடக் கணக்கு வேண்டாம். 2018இல் வந்த 'தே போத்தே' ரீமிக்ஸ் ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும், ஆறு பேர் பாடுவார்கள். வார்த்தைக்குக் கத்தரி வேண்டாம். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டாம். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிற, ரகரத்தை லகரமாக உருட்டுகிற தெருப் பேச்சிலேயே பாடலாம். சவுண்ட்கிளவுட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையும் 2013 முதல் யூடியூப் பார்வைகளைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் காவல்காரன் நின்றுகொண்டே இருந்தான். இவர்கள் வாசல் வழியாக வரவே இல்லை.

பெனித்தோ மார்த்தினேஸ் ஒகாசியோ, அதாவது நம் பேட் பன்னி, அப்படி வந்தவர்தான். வேகா பாஹா ஊர்க்காரர். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா பள்ளி ஆசிரியை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே எக்கோனோ சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர்களின் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தார். சவுண்ட்கிளவுடில் பேட் பன்னி என்ற பெயரில் அவர் ஏற்றிய 'டீலெஸ்' பாட்டைக் கேட்டுத்தான் டிஜே லூயியன் அவரை அழைத்துக்கொண்டார்.

அதே 2016 டிசம்பரில் வந்த 'சோய் பெயோர்' பாட்டை ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். காதல் முறிந்தவன் பாடுகிறான். அழவில்லை, கெஞ்சவில்லை. முன்பே நான் மோசமானவன், உன்னால் இப்போது இன்னும் மோசமானவன் என்கிறான், கெட்ட வார்த்தையோடு. தடித்த, மூக்கில் புரளும் குரல், தூக்கத்திலிருந்து பாதி எழுந்தவன் குரல் மாதிரி. பெருமையடிக்கிற வரிகள்தான், ஆனால் இசையில் அந்தப் பெருமைக்கு ஆதாரமே இல்லை. கீபோர்டு ஒற்றை ஒற்றையாக இறங்கிக்கொண்டே போகிறது. வீராப்பும் வெறுமையும் ஒரே மூச்சில் வருகின்றன. எனக்கு ஸ்பானிய மொழி அரைகுறை. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். வரிகள் சொல்லாததைக் குரல் சொல்லிவிடுகிறது.

அந்த வெறுமைக்கு ஊர்க் காரணமும் இருக்கிறது. 2015 ஜூனில் அன்றைய ஆளுநர் தீவின் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார். 7,000 கோடி டாலருக்கும் மேல். 2016 ஜூனில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, தீவின் வரவுசெலவை மேற்பார்வை பார்க்க ஒரு நிதி வாரியத்தை மேலே உட்கார வைத்தது. பள்ளிகள் மூடப்பட்டன, இளைஞர்கள் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல். இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அந்த எண்ணிக்கை 2,975 என்று மாற்றப்பட்டது.

இதையெல்லாம் டிராப் பாடகர்கள் பாட்டில் எழுதினார்களா? பெரும்பாலும் இல்லை. கார், மாத்திரை, கட்டில் என்றுதான் பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் "எதிர்ப்பிசை" என்று பட்டம் கட்டுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. எதிர்காலம் என்று ஒன்று இல்லாதவன் நாளைக்கு என்று எதையும் சேமித்து வைக்கமாட்டான். அவன் பாட்டும் அப்படித்தான் இருந்தது.

அனுவெல் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் சட்டவிரோதத் துப்பாக்கிகளோடு பிடிபட்டு 30 மாத மத்திய சிறைத்தண்டனை பெற்றார். உள்ளே இருந்த காலத்தில்தான் அவர் புகழ் ஏறியது. 2018 ஜூலை 17 அன்று விடுதலை ஆனார், அன்றே ஆல்பமும் வெளியானது. சிறைவாசமே விளம்பரமாகிவிட்ட இந்த வியாபாரத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. குரல் மட்டும் நல்ல குரல்.

இப்போது 2019 ஜூலைக்கு வருகிறேன். ஆளுநர் ரிக்கார்தோ ரோசெயோ. ஆம், இரும்புக்கரம் பேத்ரோவின் மகன். அவரும் அவருடைய சகாக்களும் டெலிகிராமில் நடத்திய அரட்டை 889 பக்கங்களாக வெளியானது. பெண் அரசியல்வாதிகளைப் பற்றிய வசை, தன்பாலின விருப்பம் கொண்டவர்களைப் பற்றிய இழிமொழி, புயலில் செத்தவர்களின் பிணங்களை வைத்துக் கேலி. அப்பாவின் போலீஸ் 1995இல் எதற்காகக் கேசட்டுகளைப் பறித்ததோ அதையெல்லாம் விஞ்சுகிற ஆபாசம், ஆளுநர் மாளிகையின் கைபேசியிலேயே.

பேட் பன்னி ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். ரெசிதெந்தே, இலே ஆகிய பாடகர்களோடு சேர்ந்து ஜூலை 17 அன்று 'அஃபிலாந்தோ லோஸ் குச்சீயோஸ்' பாட்டை வெளியிட்டார். ஜூலை 22 அன்று லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலையை நிறைத்தார்கள். 24ஆம் தேதி இளைஞர்கள் பழைய சான் ஹுவானின் கதீட்ரல் வாசல் படிகளில் பெர்ரேயோ ஆடினார்கள். இடுப்பை வளைத்து, முழங்காலில் தணிந்து, செனட் விசாரணை நடத்திய அதே நடனம், பேராலயத்துப் படியில். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் ரோசெயோ பதவி விலகலை அறிவித்தார். முகநூல் காணொளி வழியாக. பாட்டு அவரை வீழ்த்தவில்லை. தெருவில் இறங்கிய மக்கள்தான் வீழ்த்தினார்கள். ஆனால் அந்த மக்கள் தங்கள் கோபத்துக்குத் தேர்ந்தெடுத்த உடல்மொழி, ஒரு தலைமுறையாக அசிங்கம் என்று ஒதுக்கப்பட்ட உடல்மொழி. ஆபாசம் என்ற குற்றச்சாட்டு வார்த்தையைப் பார்த்துப் போடப்பட்டதில்லை, முகவரியைப் பார்த்துப் போடப்பட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் விஷயத்தில் தப்பித்துக்கொள்ள நான் விடமாட்டேன். 2016இல் கொலம்பியப் பாடகர் மாலுமா சில டிராப் பாடகர்களோடு பாடிய ஒரு பாட்டை எதிர்த்து ஸ்பெயினில் கையெழுத்து மனு கிளம்பியது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. பெண்ணை எண்ணிக்கையாக வைத்துப் பாடுவதற்கு ஏழ்மை சாக்காகாது. இந்த நோய்க்குத் தடை மருந்தில்லை என்பது மட்டும் என் எண்ணம். மருந்து உள்ளிருந்தே வந்தது. அன்யாஸ்கோ என்ற சின்ன ஊரிலிருந்து வந்த யங் மீக்கோ, பச்சை குத்தும் வேலை பார்த்தவர், பெண்ணை விரும்பும் பெண்ணாக வெளிப்படையாக டிராப் பாடுகிறார். அதே கெட்ட வார்த்தை, அதே திமிர், ஆனால் பாடுபவர் இடம் மாறிவிட்டார். கேட்டுப் பார்த்தால் அந்த வடிவத்தில் குற்றமில்லை என்று தெரியும்.

எண்களைச் சொல்லாவிட்டால் சிலருக்குத் திருப்தி இருக்காது. 2020இல் பேட் பன்னியின் 'எல் ஊல்த்திமோ தூர் தெல் முந்தோ' முழுக்க ஸ்பானிய மொழியில் அமைந்து பில்போர்டு 200 ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம். அர்ஜென்டினாவில் பூங்காவில் நடந்த ராப் போட்டிகளிலிருந்து கிளம்பிய டூக்கி என்ற பாடகர் 2024இல் மாட்ரித்தின் பெர்னபேயு மைதானத்தை நிறைத்தார். ஆங்கிலத்துக்கு மாறினால்தான் உலகம் கேட்கும் என்ற பழைய உபதேசம் அதோடு செத்தது.

ஒரு மனக்குறை மட்டும் பாக்கி. இந்த இசையின் வேர்கள் எல்லாமே கறுப்பர்களுடையவை: அட்லாண்டா, கிங்ஸ்டன், பனாமா, புவேர்ட்டோ ரிக்கோவின் லோயிசா. மேடையின் உச்சியில் நிற்கும் முகங்களோ பெரும்பாலும் வெளிர் நிறம். ரெகேட்டோன் பாடகர் தெகோ கால்தெரோன் இந்த நிறப்பாகுபாட்டைப் பற்றி 2007லேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார், பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1989இல் ஸ்டீலி, கிளீவி என்ற இரு ஜமைக்கா இசைக்கலைஞர்கள் உருவாக்கிய ஒரு தாளத்தின் மேல்தான் ரெகேட்டோன் கட்டப்பட்டது. ஸ்டீலி இறந்துவிட்டார். அவர் குடும்பமும் கிளீவியும் உரிமை கேட்டு 2021இல் வழக்குத் தொடுத்தார்கள். பிறகு அது விரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்களை, பேட் பன்னியையும் டாடி யாங்கீயையும் சேர்த்து, உள்ளே இழுத்தது. தாளத்துக்கு உரிமை கொண்டாடினால் இசையே நின்றுவிடும் என்று வாதிடுகிறார்கள். நின்றுவிடாது. கோடிக்கணக்கில் சம்பாதித்தவர்கள் கொஞ்சம் பங்கு கொடுத்தால் தீர்ந்தது. அந்த வழக்கில் நான் ஜமைக்காக்காரர்கள் பக்கம்.