ஷெரிஃப் வருவதற்குள் வெட்டிவிட்டீர்கள்

எல்லோர் டைம்லைனிலும் ஓடுகிறதே, அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்தபோது வந்த 'கோல்ட் டிகர்ஸ் ஆஃப் 1933' என்ற ஹாலிவுட் படத்தில், நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸ் காசுகளாலான உடையில் "பணம் வந்தாச்சு" என்று பாடுவது. மேலே தலைப்பு: "நாடே பட்டினி, ஹாலிவுட்டுக்குக் கொண்டாட்டம்". கீழே ஒரே வசை.

பாட்டு முடியும் இடத்தை ஏன் வெட்டினீர்கள்? அது ஒத்திகை. தயாரிப்பாளர் கடனைக் கட்டவில்லை. ஷெரிஃப், அதாவது உள்ளூர் சட்ட அதிகாரி, ஆட்களோடு வந்து செட்டையும் உடைகளையும் ஜப்தி செய்கிறார். ஆடியவர்களுக்கு அந்த நிமிஷமே வேலை போகிறது. படம் தொடங்குவதே இப்படித்தான். அதற்கப்புறம் அதே பெண்கள் ஒரே அறையில் முடங்கிக் கிடக்க, ஒருத்தி பக்கத்து வீட்டுப் பால் பாட்டிலை இடுக்கியால் எடுக்கிறாள்.

பேக்ஸ்டேஜ் மியூசிக்கல் என்றால் மேடை நிகழ்ச்சி நடத்துபவர்களின் கதையைச் சொல்லும் பாட்டுப் படம். அதில் திரைக்குப் பின்னால் கடனும் வாடகையும், முன்னால் ஆட்டம். ஆட்டத்தை மட்டும் பிய்த்தெடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும். படத்தின் கடைசிப் பாட்டைப் பாருங்கள்: முதல் உலகப் போருக்கு அணிவகுத்துப் போனவர்கள் காயத்தோடு திரும்பி, ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். 1932இல் வாஷிங்டனில் போனஸ் கேட்ட அந்தப் போரின் முன்னாள் சிப்பாய்களை ராணுவத்தை ஏவி விரட்டியதற்கு மறு வருடம் வந்த படம் இது. அந்தப் பாட்டோடு படமே முடிகிறது. இதுவா கொண்டாட்டம்?

"இந்தப் படத்தின் நடனங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி பெண்களைக் கோலப் புள்ளியாக வைத்தவர்தானே" என்பீர்கள். ஆமாம், அந்தக் குறை உண்மை. ஆனால் அந்தக் கோலத்தின் உழைப்பையாவது முழுதாகக் காட்டுங்கள். அவர் ஒரே கேமராவில் எடுப்பவர். ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார். உச்சியிலிருந்து எடுக்கும்போது ஆடுபவர்களின் வட்டம் சட்டகத்தின் இரு ஓரம் வரை போகும். அகலம் 1.37க்கு உயரம் 1 என்ற அந்தச் சட்டகத்தைக் கைபேசிக்காக 9க்கு 16 ஆக நறுக்கினால் அகலத்தில் 41 சதவீதம்தான் மிஞ்சும். வட்டம் போய் நடுவில் ஒரு பட்டை நிற்கும். இதே படத்தில் நியான் வயலின்களோடு ஆடும் பாட்டை எடுக்கும்போது, 1933 மார்ச் 10 அன்று, லாங் பீச் நிலநடுக்கம் வந்து ஸ்டூடியோவே இருண்டது. அப்படி எடுத்ததை இப்படியா நறுக்குவது?

தலைப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் ஜப்தி வரை ஓடவிடுங்கள். சம்பளம் வராத ஆட்டக்காரிகளைப் பார்த்து ஆடம்பரக்காரிகள் என்று ஊர் திட்டுவதைப் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கலைக்கு அப்போதும் பெரிய மரியாதை இல்லை. நடன அமைப்புக்கென்று ஆஸ்கர் கொடுத்ததே 1935, 36, 37 ஆகிய 3 ஆண்டுப் படங்களுக்குத்தான். மூன்று முறையும் பெர்க்லி பெயர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஒருமுறைகூட அவருக்குக் கொடுக்கவில்லை. பிறகு விருதையே எடுத்துவிட்டார்கள்.